லெஃப்ட் பேக்குல ரெண்டாவது பேரு

தென்காசியில ஒரு பொம்பளப் பிள்ளைய காலேஜு. அங்கன பி.டி. மேடமா இருக்குறவுக பேரு ஜெபமலர். நெத்தியில பொட்டுங்குறதே வச்சதில்ல, தன் கல்யாணத்துக்குக்கூட வச்சதில்ல. ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுல மொத பெஞ்சு. அப்படியாப்பட்டவுக வருசத்துக்கு நாலு தரம் கோயில் வாசல் ஃபேன்சி கடையில போயி ஸ்டிக்கர் பொட்டு வாங்குதாவன்னா ஊரு சும்மா இருக்குமா? மொதத் தடவ போனப்போ கடைக்காரரு மேடம் நெத்தியப் பாக்காரு, கையில உள்ள அட்டையப் பாக்காரு. மனசு கேக்காம யாருக்கும்மான்னு கேட்டே கேட்டுட்டாரு. பதினோரு பேருக்குன்னு சொல்லிட்டு மேடம் பாட்டுக்கு வந்துட்டாவ. பாஸ்டர் வீட்டம்மா அன்னைக்குச் சாயந்தரமே காப்பி குடிக்க வந்த மாதிரி வந்து, பைய விசாரிச்சிட்டுப் போனாவளாம்.

ஒண்ணும் ஆகல. பொட்டு பூராவும் போர்டுக்கு. காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு மேடந்தான் எல்லாம். ஸ்போர்ட்ஸ் ரூம்ல ஒரு வெள்ளப் போர்டு தொங்குது. அதுல பதினோரு வரிசை. கோல்கீப்பருக்கு ஒண்ணு, வலது ஓரம் மறிக்கிற ரைட் பேக்குக்கு ஒண்ணு, எடது ஓரம் மறிக்கிற லெஃப்ட் பேக்குக்கு ஒண்ணுன்னு ஒவ்வொரு எடத்துக்கும் ஒவ்வொரு வரிசை. வரிசைக்கு மேலருந்து கீழ மூணு பேரு. மேல உள்ளவதான் மொத ஆளு. அவளுக்கு முடியலைன்னா ரெண்டாவது. அவளுக்கும் முடியலைன்னா மூணாவது, அதுக்கு மேல ஆண்டவர் விட்ட வழி. மேட்சுக்கு மொத நாளு, மறுநாள் எறங்கப்போறவ பேருக்கு நேரா சிவப்புப் பொட்டு. வெளிய ஒக்காரப்போறவளுக்குப் பச்சப் பொட்டு. மொதல்ல டிக் அடிச்சுதான் பாத்தாவ. பிள்ளைய துப்பட்டா பட்டுப் பட்டு டிக்கு அழிஞ்சு, ஒரு மேட்சுக்குப் பன்னெண்டு பேரு கிரவுண்டுல போயி நின்னுட்டாளுவ. அதுலருந்து பொட்டுதான்.

பிள்ளைய அதுக்கு ஜாதகக் கட்டம்னு பேரு வச்சிருக்காளுவ. மேடம் காதுபட சொன்னா ஏச்சு விழும். ஜாதகம் மாறாதுட்டி, இது ஓடுனா மாறும்பாவ.

எவளுக்கு மாறுச்சோ, மாரிச்செல்விக்கு மூணு வருசமா மாறல.

சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ள. ஃபிசிக்ஸ் கடைசி வருசம். லெஃப்ட் பேக்கு வரிசையில மேல ஜுஹைனா, கீழ மாரிச்செல்வி. மூணாவதா வருசா வருசம் ஒருத்தி புதுசா வருவா, வெயில்ல ரெண்டு ரவுண்டு ஓடுவா, பொறவு என்.எஸ்.எஸ்.ல சேந்துருவா. மாரிச்செல்வி ஒண்ணும் மோசமா ஆடுற பிள்ள இல்ல. ஓடுவா, மறிப்பா, ஒதைப்பா. ஆனா ஜுஹைனா பொறந்த வருசத்துலயே தானும் பொறந்து, அதே காலேஜ்ல வந்து, அதே லெஃப்ட் பேக்குக்கே நின்னா என்ன செய்ய முடியும்? ஜுஹைனா புளியறை செக்போஸ்டு மாதிரி. ஒரு வண்டி தாண்டாது. மாரிச்செல்வியும் செக்போஸ்டுதான், ஆனா தெரிஞ்ச முகமா இருந்தா விட்டுருவா.

வெளிய ஒக்காருறதுக்குன்னு ஒரு படிப்பு இருந்தா அவளுக்குத்தான் யுனிவர்சிட்டி மொத ரேங்கு. எவ பாட்டில்ல குளுக்கோஸ், எவளுக்கு எந்தக் கால்ல சுளுக்கு, மேடம் எப்போ விசில மென்னு துப்பப்போறாவ, எல்லாம் அத்துப்படி. பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டே ‘ஜுஹைனா, பின்னால ஆளு’ன்னு அவ விடுற சத்தம் பாவூர்சத்திரம் வரைக்கும் கேக்கும்.

கேட்டுருந்தா நல்லாருந்துருக்கும். ஏன்னா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுலதான் அவ அப்பா அய்யாக்குட்டி கமிஷன் கடையில எடை போடுதாரு. அவருக்கு மக பெஞ்சுல ஒக்காருறாங்குற விசயமே தெரியாது.

பொய்யின்னு ஒண்ணும் அவ சொல்லல, அதையும் சொல்லணும். மொத வருசம் டீம் பனியனோட வீட்டுக்கு வந்து, லெஃப்ட் பேக்குல நான் ரெண்டாவதுப்பான்னா. அவரு லெஃப்ட் பேக்க விட்டுட்டாரு. ரெண்டாவத மட்டும் பிடிச்சிக்கிட்டு மறுநாள் மார்க்கெட்டுல போயி, எம்மக காலேஜ் டீம்லயே ரெண்டாவதுன்னு அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டாரு. அப்பா மொகத்துல இருந்த சந்தோசத்தப் பாத்துட்டு அதத் திருத்த இவளுக்கு மனசு வரல. பொறவு திருத்தலாம் பொறவு திருத்தலாம்னு மூணு வருசம் ஓடிப்போச்சு. மேட்ச்செல்லாம் தூத்துக்குடியில, நாகர்கோவில்லன்னு நடந்ததுனால பாக்கப் போறதுக்கும் ஆளில்ல.

அம்மா முப்பிடாதியம்மாள் ஒருத்திதான் கொஞ்சம் வெவரம். மொத மேட்ச்சு முடிஞ்சு மக கொண்டாந்த பனியன வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, என்னட்டி ஓடுனியா, இல்ல ஒக்காந்துருந்தியான்னு கேட்டுட்டா. அன்னையிலருந்து மாரிச்செல்வி ஒவ்வொரு மேட்சுக்குப் பொறவும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போயி, பனியன்ல ரெண்டு கை மண்ண எடுத்துப் பூசிக்கிட்டுதான் வீட்டுக்குப் போவா. முழங்கைக்கு ஒரு தேய்ப்பு, முதுகுக்கு ஒரு தேய்ப்பு. அம்மா ஏசிக்கிட்டே தொவைப்பா. ஏசுறதுல ஒரு பெருமையும் இருக்கும்.

இப்படிப் போயிக்கிட்டு இருந்த கப்பல்ல ஆடி மாசம் ஓட்ட விழுந்துச்சு. யுனிவர்சிட்டி ஜோன் மேட்ச்சு இந்த வருசம் நம்ம காலேஜ் கிரவுண்டுலதான்னு மேடம் சொல்லிட்டாவ. சனிக்கெழம காலையில பத்து மணிக்கு நாகர்கோவில் பக்கத்துக் காலேஜோட. அய்யாக்குட்டிக்கு யாரு சொன்னாவளோ. வெள்ளிக்கெழம இவ வீட்டுக்குள்ள நுழையும்போதே அவரு நம்பிராஜனோட டெம்போவப் பேசி முடிச்சிருந்தாரு. நம்பிராஜன் விடியக்காலம் கேரளாவுக்குக் காய் எறக்கிட்டு ஒம்பது மணிக்குள்ள வெறும் வண்டியா திரும்பிருவாரு. அதுல சித்தி, பெரியம்மா, எதுத்த வீடு, பக்கத்து வீடுன்னு பதினாலு பேரு. மேட்ச்சு முடிஞ்ச கையோட அப்படியே குத்தாலத்துல ஒரு குளியலு. புளிசாதத்துக்குப் புளி ஊறப் போட்டாச்சு, எண்ணெய், துண்டு எல்லாம் எடுத்து வச்சாச்சு.

மாரிச்செல்வி என்ன செய்வா? சாயந்தரம் போர்டப் பாத்துட்டுத்தான வந்துருக்கா? ஜுஹைனா பேருக்குச் சிவப்பு, இவ பேருக்குப் பச்ச. நாளைக்கு மழையா இருக்கும், யாரும் வராதியன்னு சொல்லிப் பாத்தா. சாரல்ல நனையாம என்ன ஆடி மாசம்னு அம்மா சொல்லிட்டா. அங்கன ஒக்கார எடங்கெடையாதுன்னா. டெம்போவுலயே ஒக்காந்து பாப்போம்னு சித்தி சொல்லிட்டா. எல்லா வழியும் அடைச்சுப் போச்சு.

மறுநாள் காலையில ஏழு மணிக்கே காலேஜுக்குப் போயிட்டா. பந்துப் பைய எடுத்துட்டு வாறது பச்சப் பொட்டுக்காரிய சோலி. சாவிய வாங்கி ஸ்போர்ட்ஸ் ரூமத் தெறந்தா. பழக்கத்துல போர்டப் பாத்தா.

சிவப்புப் பொட்டு அவ பேருக்கு நேரா இருக்கு.

அப்படியே நின்னுட்டா. கண்ணத் தொடச்சிட்டுப் பாத்தா, பனியன் நுனியால தொடச்சிட்டுப் பாத்தா. மாரிச்செல்வி, சிவப்பு. ஜுஹைனா பேருக்கு நேரா ஒண்ணுமில்ல. மேடம் ராத்திரியோட ராத்திரியா மனசு மாறிட்டாவளா? ஆண்டவரே சொல்லிட்டாரா? காலு தரையில நிக்கல பிள்ளைக்கு.

கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் மத்ததெல்லாம் கண்ணுல பட்டுச்சு. லெஃப்ட் பேக்கு வரிசைதான் போர்டுலயே ஓரத்துல, ஜன்னலுக்குப் பக்கத்துல இருக்குறது. ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சு நாலு மாசமாச்சு, பேப்பர மடிச்சு அடைச்சு வச்சிருந்தாவ. ராத்திரி அடிச்ச சாரக்காத்துல பேப்பரு ஊறி உள்ள விழுந்து கெடக்கு. போர்டு ஓரம் பூரா ஈரம். ஜுஹைனா பேருலருந்து மாரிச்செல்வி பேரு வரைக்கும் நத்தை ஊந்து போன மாதிரி பளபளன்னு ஒரு கோடு. இவளுக்கு வச்ச பச்சப் பொட்டு கீழ தரையில கெடக்கு. ஃபிசிக்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இதுக்கு மேல யாரு வந்து பாடம் எடுக்கணும்?

ஒத்த வெரலால தள்ளுனாப் போதும், பொட்டு மேல போயிரும். வெரலயும் தூக்கிட்டா. அந்நேரம் பாத்து கேப்டன் கிறிஸ்டி கையில பேப்பரும் பேனாவுமா உள்ள வந்தா. நடுவருகிட்ட குடுக்குறதுக்குப் பதினோரு பேரு லிஸ்டு எழுதணும். போர்டுல உள்ளத அப்படியே எழுதணும், சொந்த மூளைய நடுவுல நுழைக்கப்படாதுங்குறது மேடம் போட்ட சட்டம். கிறிஸ்டி கீப்பர்லருந்து ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே வந்தா. கடைசி வரிசையில பேனா நின்னுச்சு.

“ஏட்டி, இன்னைக்கு நீயா?”

மாரிச்செல்வி வெரலு இன்னும் அந்தரத்துலதான் இருக்கு. அந்த வெரலக் கொண்டுபோயி காதச் சொறிஞ்சிக்கிட்டா. “போர்டுல அப்படித்தான இருக்கு”ன்னா.

அதுவும் பொய் இல்ல, பாத்துக்கிடுங்க. இந்தப் பிள்ள பொய் சொல்லாமலே ஊர ஏமாத்தும்.

கிறிஸ்டி எழுதிட்டுப் போயிட்டா. மேடம் கிரவுண்டுல நின்னு, மழையில கரைஞ்ச சுண்ணாம்புக் கோட்டத் திரும்பப் போடச் சொல்லி ஆளுகள வெரட்டிக்கிட்டு இருந்தாவ. லிஸ்டு அவுக கையிக்கே வராம நடுவர் மேசைக்குப் போயிருச்சு.

ஒம்பதரை மணிக்கு லிஸ்டோட இன்னொரு காப்பிய பந்தல் காலுல ஒட்டுனாவ. ஜுஹைனா வந்து பாத்தா. முழுக்கை பனியன், தலையில கருப்புத் துணி, கால்ல ஸ்டட்ஸ், ஆடுறதுக்குன்னே ஒருங்கி நிக்கிற பிள்ள. லிஸ்ட மேலருந்து கீழ ஒருக்க, கீழருந்து மேல ஒருக்க படிச்சா. நேரா மாரிச்செல்விகிட்டதான் வந்தா. அந்த வாரம் மாமா மக நிக்காஹ்னு ரெண்டு நாளு பிராக்டிஸுக்கு வரல, அந்தக் கோவத்துலதான் மேடம் எடுத்துட்டாவன்னு அவளா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டா. பொறவு குனிஞ்சு தன் முழங்காலுக்குக் கீழ கட்டிருந்த ஷின் பேட ரெண்டையும் கழத்தி நீட்டுனா.

“ஒன்னுது பொளந்து கெடக்கும்லா. இதப் போட்டுக்கோ. அந்த நாகர்கோவில் ஏழாம் நம்பர்காரி கால்லயே மிதிப்பா.”

கண்ணு மட்டும் கொஞ்சம் செவந்துருந்துச்சு. சாரல் தண்ணி பட்டதுன்னும் வச்சுக்கிடலாம்.

மாரிச்செல்வி அத வாங்கி மாட்டிக்கிட்டு எந்திரிக்கா, கேட்டுப் பக்கம் ஒரே ஆரவாரம். நம்பிராஜன் கேரளாவுல வாங்கி மாட்டுன ஹாரன அடிச்சிக்கிட்டே டெம்போவக் கிரவுண்டு ஓரமாக் கொண்டாந்து நிறுத்துதாரு. பின்னால சித்தி, பெரியம்மா, தூக்குவாளி, எண்ணெக் குப்பி. அய்யாக்குட்டி நல்ல வேட்டி கட்டி, முன் சீட்டுல மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி ஒக்காந்துருக்காரு. எறங்குன ஒடனே மக எங்கன நிக்கான்னு தேடுனாரு. கிரவுண்டு ஓரத்துல பனியனும் ஸ்டட்ஸுமா பாத்ததும் கையத் தூக்குனாரு.

இவளும் கையத் தூக்கப் போனா. கை எந்திரிக்கல. கால்ல அடுத்தவ ஷின் பேடு கல்லு மாதிரி கனக்கு. பொறவு என்ன நெனச்சாளோ, விறுவிறுன்னு மேடத்துகிட்ட போயிட்டா.

“மேடம், பொட்டு வழுக்கிருச்சு.”

மேடத்துக்கு ஒண்ணும் வெளங்கல. இவ எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னா. ஜன்னலு, பேப்பரு, ஈரம், கோடு, கிறிஸ்டி. காதச் சொறிஞ்சதையும் விடல. மேடம் சொல்லாமக்கொள்ளாம ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் போயி, போர்டப் பாத்துட்டு வந்தாவ. தன் போர்டு தப்பே செய்யாதுன்னு மத்த காலேஜ் பி.டி.மாருகிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியிறவுக. மொகம் எப்படி இருந்துருக்கும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

“காலையிலயே ஏன் சொல்லல?”

“வீட்டு ஆளுக வாறாவ மேடம். நான் மூணு வருசமா ஆடுதேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ.”

மேடம் டெம்போவ ஒரு பார்வ பாத்தாவ. “அப்போ அவுக வந்து எறங்குன பொறவு ஏன் சொல்லுத?”

“ஜுஹைனா ஷின் பேடக் கழத்திக் குடுத்துட்டா மேடம்.”

மேடம் விறுவிறுன்னு நடுவர் மேசைக்குப் போனாவ. குடுத்த லிஸ்டு குடுத்ததுதான், யாருக்காவது அடிபட்டா மட்டுந்தான் மாத்தலாம், இல்லைன்னா ஆட்டம் தொடங்குன பொறவு ஆள மாத்திக்கிடுங்கன்னு அங்கன சொல்லிட்டாவ. திரும்பி வந்து, ரெண்டு பேரையும் முன்னால நிறுத்தி, ஜுஹைனாகிட்ட நீயே சொல்லுன்னு மாரிச்செல்விகிட்ட சொல்லிட்டாவ. இவ தலையக் குனிஞ்சிக்கிட்டே சொன்னா.

ஜுஹைனா மொதல்ல முழிச்சா. பொறவு சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு, தலைத்துணியே அவுந்து போச்சு. “அடி பாவி. நான் விடிய விடிய அந்த நிக்காஹ்ல தின்ன பிரியாணிக்குத்தான் தண்டனைன்னு நெனச்சேன். ஏட்டி, ஒரு பொட்டா என்னைய ஒக்கார வச்சது?”

மொத விசில் அடிச்ச ஒடனே ஆள மாத்திருதேன்னு மேடம் சொன்னாவ. ஜுஹைனாதான் குறுக்க வந்தா. பதினாலு பேரு புளிசாதத்தோட வந்துருக்காவ, ஒரு நிமிசத்துல எறக்குனா என்ன நெனப்பாவ, மொதப் பாதி முழுக்க ஆடட்டும்னா. நீ மேடமா நான் மேடமான்னு அவளுக்கு ஒரு ஏச்சு விழுந்துச்சு. ஆனா மேடம் விசில வாயில வச்சிக்கிட்டு டெம்போவ இன்னொரு தரம் பாத்தாவ.

“இவ பக்கமா ஒரு கோல் விழுந்துச்சு, அந்த நிமிசமே எறக்கிருவேன். சொல்லிட்டேன்.”

ஆட்டம் தொடங்குச்சு. முப்பத்தஞ்சு நிமிசம் ஒரு பாதி. மாரிச்செல்விகிட்ட வந்த மொதப் பந்த ஒதைச்சா. அது நேரா கிரவுண்டத் தாண்டி டெம்போ டயர்ல போயி முட்டுச்சு. சித்திமாரு எந்திரிச்சு நின்னு கையத் தட்டுதாவ, நமக்குன்னே அனுப்பிருக்கா பிள்ளைன்னு. ரெண்டாவது பந்த மறிச்சா. மூணாவது ஏழாம் நம்பர்காரி காலுலருந்தே எடுத்துட்டா. எடுத்த பொறவு என்ன செய்யணும்னு தெரியல, கீப்பர்கிட்டயே குடுத்துட்டா. சரி, குடுத்தது நம்ம ஆளுகிட்டதான.

வேடிக்க பெஞ்சுலதான். ஜுஹைனாவுக்குப் பெஞ்சுல ஒக்காரவே தெரியல. தண்ணி பாட்டில காலால தட்டி விடுதா, மேடத்துக்கு முன்னால போயி நின்னு மறைக்கா, எந்திரிக்கா, ஒக்காருதா. மூணு வருசமா மாரிச்செல்வி போட்ட சத்தத்த இப்போ அவ போடுதா. “மாரி, பின்னால ஆளு. மாரி, எடது பக்கம்.” எடது பக்கந்தான் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் டெம்போ. மாரிச்செல்வி இன்னும் எங்கன போவா?

இருபத்தெட்டாவது நிமிசம் ஏழாம் நம்பர்காரி வந்தா. ஒரு வெட்டு வெட்டுனா. மாரிச்செல்வி அப்படியே சகதியில உக்காந்துட்டா. ஒதைச்ச பந்து கம்பத்துல டங்குன்னு முட்டி வெளிய போச்சு. மேடம் வாயில இருந்த விசிலு கீழ விழுந்துருச்சு. கோல் விழாததுனால எறக்கவும் முடியல. சொன்ன சொல்லு அப்படி.

பாதி நேரம் முடிஞ்சப்போ ரெண்டு பக்கமும் ஒரு கோலும் இல்ல. எல்லாரும் வந்து ஒக்காந்தாளுவ. மாரிச்செல்வி மட்டும் பழக்கதோசத்துல பாட்டிலத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்திக்கா தண்ணி குடுத்துட்டு வாரா. ஒக்காரு பிள்ள, இன்னைக்கு நீ குடிக்கணும்னு மேடம் அவ கையிலருந்து பிடுங்குனாவ. பொறவு கொஞ்சம் மெதுவா, “நல்லாத்தான் ஆடுன. இப்போ ஜுஹைனா எறங்கட்டும்”னாவ. இவளும் ஷின் பேடக் கழத்தி அவகிட்ட குடுத்தா. காலு லேசாச்சு.

ரெண்டாவது பாதிக்கு எல்லாரும் உள்ள போயிட்டாவ. மாரிச்செல்வி பெஞ்சுல. கண்ண மூடி முழிக்கதுக்குள்ள அம்மாவும் அப்பாவும் கோட்டச் சுத்தி ஓடி வந்துட்டாவ. கால்ல அடியா, கையில அடியா, யாரு மிதிச்சான்னு அம்மா பாதத்துலருந்து தடவிப் பாக்கா. அப்பா நாகர்கோவில் பிள்ளைய பக்கம் திரும்பி மொறைக்காரு.

இப்பவும் ஒரு வார்த்த சொன்னாப் போதும். காலு பிசகிருச்சுன்னு சொன்னா, டெம்போவே அழுதுட்டுப் போவும். வாயி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா.

“அடியெல்லாம் இல்லப்பா. என் எடமே இதுதான். மூணு வருசமா இங்கனதான் ஒக்காருதேன். அன்னா ஓடுதால்லா, ஜுஹைனா, அவ என்னையவிட நல்லா ஆடுவா. அவளுக்கு முடியலைன்னாதான் நான். ரெண்டாவதுன்னா அதுதான்ப்பா.”

அம்மாதான் மொதல்ல வாயத் தொறந்தா. அப்போ அந்தப் பனியன்ல உள்ள மண்ணுன்னு கேட்டா. நானா பூசுனதும்மான்னு மக சொன்னதும், முப்பிடாதியம்மாளுக்கு டீமு, எடம், ரெண்டாவது எல்லாம் மறந்து போச்சு. மூணு வருசமா கல்லுல அடிச்சு அடிச்சுத் தொவைச்சேனட்டி, கோட்டி மூதி, ஒத்தச் சொல்லு சொல்லிருந்தா என் தோள்பட்ட தப்பிருக்கும்லான்னு அங்கனயே தொடங்கிட்டா.

அய்யாக்குட்டி மகளப் பாத்தாரு, கிரவுண்டப் பாத்தாரு. மார்க்கெட்டுல எத்தன பேருகிட்ட சொல்லிருக்கோம்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துருப்பாரு. மாரிச்செல்வி தலையத் தூக்கவே இல்ல. ஏசுனாக்கூட நல்லாருக்கும்போல இருந்துச்சு அவளுக்கு.

அவரு வேட்டிய மடிச்சுக் கட்டி அந்தப் பெஞ்சுலயே, மகளுக்கும் பச்சப் பொட்டுக்காரி ஒருத்திக்கும் நடுவுல ஒக்காந்துட்டாரு.

வெளி ஆளு பெஞ்சுல ஒக்காரப்படாதுன்னு மேடம் வந்தாவ. அவரு எந்திரிக்கல. “எம்மக எடம்தான மேடம். செத்த நேரம் இருந்துக்கிடுதேன்”னாரு. மேடம் கோட்டுப் பக்கம் திரும்பிட்டாவ.

“சரி, சொல்லு”ன்னாரு மககிட்ட. “யாரு யாரு எங்கன நிக்கா?”

அவ சொன்னா. மொதல்ல தயங்கித் தயங்கி, பொறவு விரலு நீட்டி. அந்தா நிக்கால்லா கிறிஸ்டி, அவ எப்பவும் வலது காலத் தூக்குவா, எடதுலதான் ஒதைப்பா. நம்ம கீப்பருக்கு ஒசரப் பந்துன்னா பயம். அந்த ஏழாம் நம்பர்காரி மூச்சு வாங்குதா, இனிமே ஜுஹைனாவத் தாண்ட மாட்டா. அவரு கேக்க கேக்க அவளுக்குச் சொல்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. எடக்கல்லத் தவிர ஒண்ணையும் இவ்வளவு உத்துப் பாத்ததில்ல அந்த மனுசன். இருவது நிமிசத்துல அவருக்கு ஆஃப்சைடு தவிர எல்லாம் வெளங்கிருச்சு. ஆஃப்சைடு நடுவருக்கே செரியா வெளங்கலைங்குறது வேற விசயம்.

கடைசி பத்து நிமிசத்துல ஜுஹைனா பந்தப் பிடிச்சு எடது ஓரமாவே ஓடுனா. மாரிச்செல்வி எந்திரிச்சிட்டா. அவளுக்கு முன்னால அய்யாக்குட்டி எந்திரிச்சிட்டாரு.

“ஏ ஜுஹைனா, பின்னால ஆளு!”

மார்க்கெட்டுல லோடு ஏத்தும்போது போடுற சத்தம். டெம்போவுல இருந்த அத்தன பேரும் அதக் கேட்டு, யாரு என்னன்னு தெரியாமலே ஜுஹைனா ஜுஹைனான்னு கத்துதாவ. அவ பின்னால பாக்காமலே பந்த உள்ள தூக்கி விட்டா. கிறிஸ்டி எடது காலால ஒரு ஒதை. கோலு. ஒண்ணுக்குப் பூஜ்யம். மேடம் பக்கத்துல நின்ன ஆளு தோள்ல அடிச்சாவ அடி, அது நம்பிராஜன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

ஆட்டம் முடிஞ்சு, புளிசாதத்தப் பெஞ்சுலயே பிரிச்சாச்சு. ஜுஹைனாவுக்கு ரெண்டு பங்கு. அடுத்த மேட்ச்சு எப்போன்னு அய்யாக்குட்டி கேட்டாரு. திங்கக்கெழம, இதே கிரவுண்டுதான்னா மாரிச்செல்வி.

“நீ எறங்குவியா?”

“எறங்க மாட்டேன்ப்பா. ஜுஹைனாதான் எறங்குவா.”

“ம்”னாரு. செல்ல எடுத்துக் கடைக்குப் போட்டாரு. பதினெட்டு வருசத்துல தராசுப் பக்கம் இன்னொருத்தன் கைய வைக்க விட்டதில்ல, காய்ச்சல்ல கெடந்தாலும் போயி நிப்பாரு. சும்மா ஒரு நாளு லீவு கேட்டதும் மொதலாளி பயந்துட்டாருபோல, என்ன ஏதுன்னு கேக்க சத்தம் வெளியவே கேட்டுச்சு. அவரு பொறுமையாச் சொன்னாரு.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எம்மகளுக்கு மேட்ச்சு. இல்ல, அவ ஆடல. வெளியதான் ஒக்காந்துருப்பா. ஆமா, அதப் பாக்கத்தான் போறேன். எடைக்கா? ரெண்டாவது ஆளுன்னு நம்ம குத்தாலிங்கம் ஒருத்தன் பன்னெண்டு வருசமா நிக்காம்லா, அவன நிக்கச் சொல்லுங்க. நல்லாத்தான் போடுவான்.”